பேருக்கு 230, பிளக்கில் எத்தனை?

நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் என் கடைக்குள் ஒரு புகை மணம் நிற்கும். சாம்பிராணி இல்லை, எரிந்த மோட்டர்ச் சுற்றின் மணம். திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட மின்சாமான் திருத்துகிறேன். ரொறொன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் அம்மாவுக்கென்று ஆசையாகத் தூக்கி வந்த சாமான்கள் வந்த இரண்டாம் நாளே என் மேசையில் கிடக்கும். ஒருமுறை ரொறொன்ரோவில் இருந்து வந்த ஒரு தங்கச்சி அங்கே வாங்கிய மிக்சியோடு வந்தாள். "பிளக்குக்கு அடப்ரர் போட்டனான் அண்ணை, இரண்டு செக்கன் நல்லாச் சுத்தினது. பிறகு புகைதான். அங்கையும் கரண்ட்தானே, இங்கையும் கரண்ட்தானே?"

கரண்ட்தான். ஆனால் அங்கே 120 வோல்ற், இங்கே 230. அடப்ரர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ற்றளவைத் தொடாது. இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாதது, அந்த 120, 230 என்பவையே வெறும் பெயர்கள் என்பது. உங்கள் பிளக் பொயின்றில் இந்த நிமிடம் சரியாக 230 இருக்காது. 221 இருக்கலாம், 243 இருக்கலாம், மாலை ஏழரைக்கு 205 கூட இருக்கலாம். யாழ்ப்பாணத்துக்குக் குடியிருக்க வருபவர்களும், சில மாதம் தங்க வருபவர்களும், ஒன்றையும் பிளக்கில் சொருகுவதற்கு முதல் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

லேபிளை வாசியுங்கள், மூன்று எண்களையும்

சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். சார்ஜர் என்றால் அதன் முதுகில் எறும்பு எழுத்தில் இருக்கும், கைபேசியால் படம் எடுத்துப் பெருப்பித்து வாசியுங்கள். பார்க்க வேண்டியவை வோல்ற், ஹேர்ட்ஸ், வாற். வோல்றையும் வாற்றையும் எல்லாரும் பார்ப்பார்கள். ஹேர்ட்ஸ், அதாவது மீடிறனை (கரண்டின் அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அடிக்கிறது என்பதை), ஒருவரும் பார்ப்பதில்லை. அதில்தான் பெரிய சாமான்கள் போகின்றன.

"100-240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ்" என்று இருந்தால் கவலை இல்லை. கைபேசி, லப்டொப் சார்ஜர்கள் அநேகமாக எல்லாம் இப்படித்தான். உள்ளே இருக்கும் சுற்று பொதுவாக 90 முதல் 264 வரை தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும். பின்னின் வடிவத்துக்கு மட்டும் ஒரு அடப்ரர் போதும். கனடாவில் இருந்து பழைய மேசைக் கணினி கொண்டுவந்தால் மட்டும் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் 115 / 230 என்று ஒரு சின்னச் சிவப்புச் சுவிச் இருக்கும். 115இல் விட்டுவிட்டு இங்கே போட்டால் ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான்.

"120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்" என்றால் அது வட அமெரிக்கச் சாமான். "100 வோல்ற்" என்றால் ஜப்பான். ஜப்பானுக்குள்ளேயே இரண்டு மீடிறன். கிழக்கே தோக்கியோப் பக்கம் 50, மேற்கே ஒசாக்காப் பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோக்கியோ ஜெர்மன் இயந்திரங்களையும் ஒசாக்கா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கிப் பூட்டியதன் பலன் இன்றுவரை தொடர்கிறது.

"220-240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்" என்றால் நம்ம ஆள். ஐரோப்பா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, இந்தியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இந்தக் கூட்டத்துக்குள் வரும்.

ஒரு பொறி உண்டு, சவூதி. அங்கே 60 ஹேர்ட்ஸ். சவூதியில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியில் 220 வோல்ற் என்று இருக்கும், பிளக்கும் நம்முடைய சதுரப் பின் பிளக் மாதிரியே பொருந்தும். எல்லாம் சரி என்று போடுவீர்கள். 60இல் ஓட என்று சுற்றிய மோட்டர் 50இல் ஓடும்போது அதன் இரும்பு காந்தத்தால் நிரம்பிவிடும், மேலதிகக் கரண்ட் இழுக்கும், சூடேறும். கொம்பிரசர் ஒரு கோடைகாலம் தாக்குப் பிடித்தால் அதிசயம். லேபிளில் 60 மட்டும் இருந்தால் அதை அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

பெயர் ஏன் ஒன்று, அளவு ஏன் வேறு

இதைச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது.

ரான்ஸ்போமரில் இருந்து உங்கள் வீடு வரை கம்பி வருகிறது. கம்பிக்குத் தடை உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுத்தால் வழியிலேயே கொஞ்ச வோல்ற் கரைந்துவிடும். ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 240 கிடைக்கும்போது, ஒழுங்கைக் கடைசியில் இருப்பவருக்கு 212 கிடைக்கும். இரண்டு பேருக்கும் பில்லில் ஒரே மின்சார சபைதான், ஒரே 230தான். அதனால்தான் எந்த நாடும் "சரியாக இத்தனை வோல்ற்" என்று வாக்குக் கொடுப்பதில்லை. ஒரு பெயரைச் சொல்லி, அதற்கு மேலும் கீழும் இவ்வளவு போகலாம் என்று எல்லை போடுகிறது. இலங்கையில் 230, கூட்டிக் குறைத்து 6 வீதம். கணக்குப் பார்த்தால் 216 முதல் 244 வரை. அமெரிக்காவில் 120க்கு 5 வீதம், அதாவது 114 முதல் 126.

பெயர் எவ்வளவு தூரம் பெயர் மட்டுமே என்பதற்கு இங்கிலாந்துக் கதை நல்ல சாட்சி. அங்கே 240 வோல்ற் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பாப் பெருநிலத்தில் 220. எல்லாருக்கும் ஒரே எண் வேண்டும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1983இல் 230ஐப் பரிந்துரைத்தது. 1995 ஜனவரி 1ஆம் திகதி இங்கிலாந்தும் 230 ஆனது. அன்றைக்கு எத்தனை ரான்ஸ்போமரைத் திருப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றையும் திருப்பவில்லை. எல்லையை மட்டும் மாற்றி எழுதினார்கள், மேலே 10 வீதம், கீழே 6 வீதம். 216 முதல் 253 வரை எதுவும் இப்போது 230தான்! பழைய 240உம் உள்ளே அடங்கிவிட்டது. ஐரோப்பியர் தங்கள் பழைய 220 அடங்கும்படி கீழ்ப் பக்கத்தை இளக்கிக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாவும் 2000இல் 240ஐ இதே மாதிரித்தான் 230 என்று பெயர் மாற்றியது. லண்டனில் இருக்கும் உங்கள் சித்தப்பா வீட்டு பிளக்கில் இன்றைக்கும் 240க்குக் கிட்ட இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேத்தலின் அடியில் "220-240 வோல்ற், 2500-3000 வாற்" என்று இரண்டு வாற் போட்டிருப்பதும் இதனால்தான். கேத்தல் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கம்பியும் ஒன்றுதான். 240இல் 3000 வாற் தரும் கம்பி 220இல் ஏறத்தாழ 2500தான் தரும். வோல்ற் 8 வீதம் குறைய, சூடு 16 வீதம் குறைகிறது. சூடு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகும் என்று ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்தது இங்கேதான் உதவிக்கு வருகிறது.

இனி உங்கள் பிளக்கை அளவுங்கள்

ஒரு மீற்றர் வாங்குங்கள். மல்டிமீற்றர் தெரிந்தவர்களுக்கு மட்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது பிளக்கில் அப்படியே சொருகும், முகத்தில் எண் காட்டும் சின்ன மீற்றர். காரணம், 13 அம்பியர் சதுரப் பின் பொயின்றில் உள்ளே ஒரு மூடி இருக்கிறது. மேலே உள்ள ஏர்த் பின் உள்ளே போனால்தான் கீழ் இரண்டு துளையும் திறக்கும். மல்டிமீற்றர் ஊசியை விட வேண்டுமானால் மேல் துளைக்குள் பேனாவையோ வேறெதையோ குத்தித் திறக்க வேண்டும். அந்தப் பழக்கம் வேண்டாம். (ஒஸ்லோ, பாரிஸ் சாமான்களின் இரண்டு கால் பிளக்கையும் நம் ஆட்கள் இப்படித்தான் பேனா குத்திச் சொருகுகிறார்கள். ஏர்த்தும் இல்லை, பிளக்குக்குள் பியூசும் இல்லை. அதற்கென்று அடப்ரர் விற்கிறார்கள், வாங்குங்கள்.)

மூன்று நாள் அளவுங்கள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் மூன்று தடவை. காலை ஆறு மணிக்கு, கிணற்று மோட்டர்கள் எல்லாம் ஓடும் நேரம். பகல் பன்னிரண்டரைக்கு. பிறகு இரவு ஏழரைக்கு, ஊர் முழுக்க லைட்டும் ரீவியும் குக்கரும் போட்டிருக்கும் நேரம். ஒரு துண்டில் எழுதுங்கள், மனதில் வைத்தால் மறந்துபோகும்.

காலை 224, பகல் 245, இரவு 207 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு குறைவது எல்லாருக்கும் விளங்கும். பகலில் ஏன் கூடுகிறது? கூரையைப் பாருங்கள். சூரியப் படல்கள் பூட்டிய வீடு ஒழுங்கைக்கு ஒன்றிரண்டு வந்துவிட்டன. இன்வேற்றர் (படலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) கரண்டை வெளியே தள்ள வேண்டுமானால் கம்பியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடிய வோல்ற்றில்தான் தள்ள முடியும். ஞாயிறு பகல், வெயில் கொளுத்துகிறது, பாவிப்பு குறைவு. வோல்ற் ஏறும். கூடுதலாக ஏறினால் இன்வேற்றரே தன்னை நிறுத்திக்கொள்ளும். "நல்ல வெயிலில் என் சோலர் வேலை செய்யுதில்லை" என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை, படல் பழுதில்லை.

அப்புறம் இன்னொரு சோதனை. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாசிப்பை எழுதுங்கள். பிறகு கேத்தலைப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள். 228 இருந்தது 225 ஆனால் பரவாயில்லை. 228இல் இருந்து 215க்கு விழுந்தால் கம்பியில் எங்கோ கோளாறு. கணக்கைப் பாருங்கள்: 13 வோல்ற் காணாமல் போகிறது, கேத்தல் 12 அம்பியர் இழுக்கிறது, அப்படியானால் 150 வாற்றுக்கு மேல் எங்கோ வழியில் சூடாகிக்கொண்டு இருக்கிறது. அது இறுக்காத ஒரு திருகாணியாக இருந்தால், அந்த 150 வாற்றும் கடுகளவு இடத்தில். மணம் வருவதற்கு முதல் வயரிங் ஆளைக் கூப்பிடுங்கள்.

சாமானை மூன்றாகப் பிரியுங்கள்

சூடாக்கும் சாமான்கள் (கேத்தல், அயன், ரைஸ் குக்கர்) வோல்ற் குறைந்தால் மெதுவாக வேலை செய்யும், கெட்டுப்போகாது. 2000 வாற் கேத்தல் 207இல் 1620 வாற், 253இல் 2420. தேத்தண்ணி ஒரு நிமிடம் முன்பின் வரும், அவ்வளவுதான். ஆனால் லண்டன் கேத்தலைப் பழைய வீட்டின் 5 அம்பியர் உருண்டைப் பின் பொயின்றில் அடப்ரர் வைத்துப் போடாதீர்கள். அது இழுப்பது 12 அம்பியர். பொயின்ற் உருகி மஞ்சளாகி, பிறகு கறுத்து, பிறகு என் கடைக்கு வரும்.

கனடாவின் 1500 வாற் கேத்தல் வேறு கதை. 120க்கென்று செய்த அதன் கம்பியின் தடை 9.6 ஓம். 230இல் போட்டால் 24 அம்பியர், 5500 வாற். சிவந்து அறுந்துவிடும்.

மோட்டர் உள்ளவை, குறிப்பாகக் குளிர்சாதனப் பெட்டி, ஏசி, கிணற்று மோட்டர், குறைந்த வோல்ற்றில்தான் சாகும். வோல்ற் குறைந்தால் மோட்டரின் முறுக்கு விசையும் வர்க்கத்தோடு குறையும். கொம்பிரசர் தொடங்க முயன்று, முடியாமல், "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு பல மடங்கு கரண்ட் இழுக்கும். முனகல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். கரண்ட் போய் உடனே வந்தாலும் இதே சிக்கல்தான். உள்ளே வாயு அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். கிணற்று மோட்டருக்கு நான் சொல்வது, இரவு ஏழரைக்குத் தொட்டி நிரப்பாதீர்கள். பகலில் இறையுங்கள். பகலில் வோல்ற் நன்றாக இருக்கிறது என்று உங்கள் துண்டே சொல்கிறதே.

மூன்றாவது, மின்னணுச் சாமான்கள். இவை பெரும்பாலும் தாங்கும். இவற்றைக் கொல்வது வேறொன்று, அதற்குக் கீழே வருகிறேன்.

120க்கும் 100க்கும் இறக்குவது

கொண்டுவந்தே தீருவேன் என்பவர்களுக்கு ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் வேண்டும். செங்கல் பாரத்தில் இரும்பும் செம்பும் உள்ளதைப் பாருங்கள். கையடக்கமாக, பாரமே இல்லாமல், "2000 வாற்" என்று போட்டு விற்கும் பயணக் கன்வேர்ட்டர் அலையை வெட்டித்தான் குறைக்கும். தலைமயிர் உலர்த்திக்கு ஓகே, மின்னணுச் சாமானுக்கு நஞ்சு. மோட்டர் சாமான் என்றால் லேபிள் வாற்றைப் போல இரண்டு மடங்கு அளவுள்ள ரான்ஸ்போமர் எடுங்கள், தொடங்கும்போது இழுக்கும் கரண்ட் அப்படி.

ஒன்றைக் கவனியுங்கள். ரான்ஸ்போமர் 110ஐத் தருவதில்லை, ஒரு விகிதத்தைத் தருகிறது. 230க்கு 110 என்றால், உங்கள் பிளக்கில் 245 வரும்போது அது 117 தரும், 207 வரும்போது 99 தரும். கனடாச் சாமானுக்கு 117 நல்லது. அதே பெட்டியில் ஜப்பானின் 100 வோல்ற் ரைஸ் குக்கரைப் போட்டால் 17 வீதம் கூட, சூடு 37 வீதம் கூட, சோறு அடிப்பிடிக்கும். ஜப்பானுக்கு 100 என்று எழுதியதையே வாங்குங்கள். மீடிறனை எந்த ரான்ஸ்போமரும் மாற்றாது. கனடாவின் 60 ஹேர்ட்ஸ் மணிக்கூடு சில, மின் அலையை எண்ணி ஓடுபவை, இங்கே ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும். இரும்பு ரான்ஸ்போமர் உள்ள மைக்ரோவேவும் 50இல் சூடேறும்.

என்னைக் கேட்டால், கனடாவில் இருந்து மிக்சி, கேத்தல், அயன் மூன்றும் வேண்டவே வேண்டாம். ரான்ஸ்போமர் வாங்கும் காசுக்கு யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகவே வாங்கலாம்.

நியூட்ரல் போனால்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். தெருக் கம்பியில் மூன்று பேஸ் (உயிர்க் கம்பி), ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி). ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230. இரண்டு பேஸுக்கு இடையில் 400. மார்கழிக் காற்றில் பனையோலையோ தென்னமட்டையோ விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், உங்கள் வீடும் வேறு பேஸில் உள்ள பக்கத்து வீடும் 400க்குக் குறுக்கே தொடராகத் தொங்கும். குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்குத்தான் கூடுதல் வோல்ற். அடையாளம் இதுதான்: ஒரு வீட்டில் லைட் திடீரென்று பளீரென எரியும், பக்கத்து வீட்டில் மங்கும். கண்டதும் பிளக்குகளைத் தேடி ஓட வேண்டாம், மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பிறகு மின்சார சபைக்குச் சொல்லுங்கள். ரீவி, கணினி, சோலர் இன்வேற்றர் என்று ஒரு ஒழுங்கையே ஒரு பின்னேரத்தில் என் கடைக்கு வருவது இப்படித்தான்.

மின்னலுக்கென்று விற்கும் சேர்ஜ் கட்டைகள் இதற்கு உதவாது. அவை ஒரு கணத் துடிப்பைத்தான் விழுங்கும், நிமிடக் கணக்கில் நிற்கும் 300 வோல்ற்றைத் தாங்காமல் எரிந்துவிடும். வாங்க வேண்டியது, வோல்ற் கூடினாலும் குறைந்தாலும் வெட்டிவிட்டு, சரியானபின் மூன்று நிமிடம் பொறுத்துத் தொடுக்கும் காவல் கருவி. குளிர்சாதனப் பெட்டிக்கு அந்த மூன்று நிமிடமும் சேர்ந்தே கிடைக்கிறது. ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று சொல்வார்கள். அது கரண்ட் ஒழுகினால் விழும், உயிரைக் காக்கும். வோல்ற் கூடினால் அதற்குத் தெரியாது.

எப்போதும் குறைவாகவே இருந்தால்

ஸ்ரெபிலைசர் வாங்க ஓடாதீர்கள். அது குறைந்த வோல்ற்றை ஏற்ற, தெருக் கம்பியில் இருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். ஒழுங்கையில் பத்துப் பேர் வாங்கினால் பதினோராவது ஆளுக்கு இன்னும் குறையும். முதலில் வாசிப்புகளை எழுதிய அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மின்சார சபை அலுவலகத்துக்குப் போங்கள். "கரண்ட் சரியில்லை" என்று சொன்னால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். "மூன்று நாள் இரவு ஏழரைக்கு 207, எல்லை 216" என்று எழுதிக் கொடுங்கள். ரான்ஸ்போமரின் படியை மாற்றுவார்களோ, பேஸ்களைப் பகிர்ந்து கொடுப்பார்களோ, கம்பியைத் தடிப்பாக்குவார்களோ, அது அவர்கள் பாடு. சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள், மங்கலாக எரிந்தாலும் எரிகிறதே என்று பேசாமல் இருந்துவிடுவோம். வெளியில் இருந்து வருபவர்கள்தான் இதைக் கேட்டுப் பழக்க வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தீவிலேயே உண்டாக்கும் கரண்ட்தான் வருகிறது. சிறிய வலையமைப்பில் ஏற்ற இறக்கம் கூடுதலாகத் தெரியும், காவல் கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். கலியாண வீட்டு ஜெனரேற்றரும் அப்படித்தான். முதலில் மீற்றரைச் சொருகிப் பார்த்துவிட்டு, லைட்டுகளைப் போட்டு, கடைசியாக ரீவியைப் போடுங்கள்.

இங்கிருந்து கொண்டுபோவதென்றால்

லண்டனுக்கும் சிட்னிக்கும் இங்கே வாங்கியதைப் பயமில்லாமல் கொண்டுபோகலாம், லேபிளில் வெறும் 220 என்று மட்டும் இல்லாவிட்டால். ரொறொன்ரோவுக்குச் சூடாக்கும் சாமான் கொண்டுபோனால் கால் பங்கு வேலைதான் செய்யும். தோசை மாவுக் கிரைண்டரை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கனடா வீடுகளுக்குள் 120 மட்டுமல்ல, இரண்டு உயிர்க் கம்பிகளுக்கு இடையில் 240உம் வருகிறது, அடுப்பும் உடுப்பு உலர்த்தியும் அதில்தான் ஓடுகின்றன. அங்கே அனுமதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு குசினியில் ஒரு 240 பொயின்ற் போடுவிக்கலாம். மீடிறன் 60 என்பதால் தொடங்கும்போது கொஞ்சம் முக்கும், பிறகு கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மாவு கெதியாகச் சூடேறும், குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள்.